300 அடிக்குள் யார்?

(வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உள்ளாட்சியும் நிலமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பஞ்சமி நிலம் பற்றியும் மேலவளவு பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகவே பேசிவிட்டார்கள். நான் கொஞ்சம் தூரமாகப் போகிறேன். அமெரிக்காவில் ஓர் உள்ளாட்சி, கேரவன் பேட்டை ஒன்றுக்கு அனுமதி கொடுக்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு பண்ணுது என்பதைச் சொல்லப் போகிறேன். கேரவன் பேட்டைக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. ஒரு துண்டு நிலத்துல யார் வந்து தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம், அதைத் தீர்மானிக்கிற கூட்டத்துல யாருக்கு நாற்காலி போடறாங்க, அங்கே இதுதான் கேள்வி. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த மண்ணிலிருந்து வருகிற நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை.

முதல்ல இந்த வண்டி என்னன்னு சொல்லிடறேன். சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நடிகருக்குன்னு ஒரு பெரிய வண்டி நிக்கும். உள்ளே கட்டில், கழிப்பறை, சமையல் மேடை எல்லாம் இருக்கும். நாம கேரவன் என்போம். அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்கிறார்கள், பொழுதுபோக்கு வண்டி என்று பொருள். சிலது தானே ஓடும். சிலதை இன்னொரு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் சட்டம் இதற்குச் சொல்கிற அளவு 400 சதுர அடிக்குள். நம்ம காலனித் தொகுப்பு வீட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இந்த வண்டிகள் வரிசையாக நிற்பதற்கு இடம் ஒதுக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புக் கொடுத்து வாடகை வாங்குகிற இடம்தான் ஆர்.வி. பார்க். நம்ம லாரிப் பேட்டை மாதிரின்னு வச்சுக்குங்க. அதனால கேரவன் பேட்டை என்றே சொல்கிறேன்.

இங்கே யார் வந்து தங்குறாங்க? விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள், ஓய்வு பெற்று ஊர் சுற்றுகிறவர்கள். இவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, வேறு வீடே இல்லாதவர்கள். 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்து வண்டியையே வீடாக்கிக்கொண்ட வயதானவர்கள், அறுவடைக்கும் கிடங்கு வேலைக்கும் ஊர் ஊராகப் போகிற கூலிகள். ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு அலைந்து 2017இல் 'நோமாட்லாண்ட்' என்ற நூலை எழுதினார். அது படமாகி 2021இல் ஆஸ்கர் வாங்கியது. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

ஆக, பெயர் பொழுதுபோக்கு. உள்ளே இருப்பதோ பலருக்கு ஒண்ட இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் உள்ளாட்சி முடிவெடுக்கிறது.

கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே மாவட்டத்தைக் கவுண்டி என்கிறார்கள். 58 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியம், பெரும்பாலும் அய்ந்து பேர். ஒருத்தர் தன் நிலத்தில் கேரவன் பேட்டை போடணும்னா முதல்ல திட்டத் துறையில் மனுக் கொடுக்கணும். அந்த நிலம் விவசாய வகையா, குடியிருப்பு வகையா, வணிக வகையா என்று ஏற்கெனவே வரைபடத்தில் வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். பல வகைகளில் கேரவன் பேட்டையை நேராகத் தடை செய்யவும் மாட்டார்கள், நேராக அனுமதிக்கவும் மாட்டார்கள். "நிபந்தனையோடு அனுமதிக்கலாம்" என்று ஒரு மூன்றாவது நிலை. நம்ம அலுவலகங்களில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதுவோமே, அந்த ரகம்.

அதற்குப் பிறகு சுகாதாரத் துறை கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்கும். தீயணைப்புத் துறை பாதையை அளக்கும். சாலைத் துறை போக்குவரத்தைக் கணக்கெடுக்கும். 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கும். அதிகாரிகள் எல்லாவற்றையும் தொகுத்து அறிக்கை எழுதுவார்கள். திட்டக் குழு பொது விசாரணை நடத்தி முடிவு சொல்லும். அந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் மனுதாரரோ அண்டை நிலத்துக்காரரோ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அதுக்கப்புறம் நீதிமன்றம்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கு. ஒழுங்கு இருப்பது உண்மை. அங்கே 1953இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சி எதைப் பற்றிப் பேசப் போகிறது என்பதை வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும் என்று சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் பேசி முடிக்க முடியாது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் அறிவிப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். விசாரணைக்கு 10 நாள் முன்னால், அந்த நிலத்திலிருந்து 300 அடிக்குள் இருக்கிற நிலங்களின் உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கவனியுங்கள், உரிமையாளர்களுக்கு. வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு. 300 அடிக்குள் வாடகைக்கு இருக்கிறவனுக்குக் கடிதம் போயே ஆகணும்னு அந்த விதி சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டு கொட்டகையில் படுத்திருக்கிறவனுக்கும் சொல்லவில்லை. நிலம் இருந்தால் நீ அண்டை வீட்டுக்காரன். இல்லையென்றால் 10 அடி தூரத்தில் இருந்தாலும் நீ யாரோ.

அது மட்டுமில்லை. பேட்டை வந்தால் அதில் குடியிருக்கப் போகிறவன் எங்கே இருக்கிறான்? அவன் இன்னும் வரவில்லை. அவனுக்கு அந்த ஊரில் முகவரி கிடையாது, ஓட்டுக் கிடையாது. பல கவுண்டிகளில் வாரியம் கூடுவது வாரநாளில், பகலில். வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். நிலம் இருக்கிறவன் வருவான், வக்கீலோடு வருவான். பேட்டை போடுகிற முதலாளியும் வக்கீலோடு வருவான். வாழ வேண்டியவன் மட்டும் அந்த அறையில் இருக்க மாட்டான். அவனைப் பற்றித்தான் பேச்சு முழுக்க நடக்கும்.

பேச்சு எப்படி நடக்கும்? "எங்கள் பகுதியின் தன்மை கெட்டுவிடும்." "நிலத்தின் விலை இறங்கிவிடும்." "ராத்திரியில் சத்தம்." "வந்து தங்குகிறவர்கள் யார் எவர் என்றே தெரியாது." நான் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் குறிப்பிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. எந்தக் கூட்டமானாலும் இந்தச் சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். இதில் சில கவலைகள் நியாயமானவையும்கூட. ஆனா "தன்மை" என்கிற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தி விசாரிக்கணும். அது எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும்.

1910இல் பால்டிமோர் நகரம் ஒரு விதி போட்டது. கருப்பர் இந்தத் தெருவில், வெள்ளையர் அந்தத் தெருவில். மறைவு ஒன்றும் இல்லை, நிறத்தை எழுதியே போட்டார்கள். 1914இல் லூயிவில் நகரமும் அப்படியே செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1917இல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதற்காகச் செல்லாது? கருப்பரும் சமம் என்பதைவிட, தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கிற வெள்ளையரின் உரிமையில் தலையிடுகிறது என்பதுதான் அங்கே எடையாக நின்ற காரணம். சரி, எப்படியோ விதி போச்சு. அதற்குப் பிறகு நிறத்தை எழுத முடியாது. வேறு சொற்கள் வந்தன.

ஒகையோ மாநிலத்தில் யூக்ளிட் என்று ஒரு சின்ன ஊர். நிலத்தை வகை வகையாகப் பிரித்து, தனி வீடு இருக்கும் இடத்தில் அடுக்குமாடி வரக் கூடாது, கடை வரக் கூடாது என்று விதி போட்டது. 1924இல் கீழ் நீதிமன்ற நீதிபதி ஒருவர், இதன் விளைவு மக்களை வருமானத்தாலும் வாழ்க்கை நிலையாலும் வகைப்படுத்திப் பிரிப்பதுதான் என்று எழுதி அதை ரத்துச் செய்தார். 1926இல் உச்ச நீதிமன்றம் அவர் தீர்ப்பை மாற்றி, விதி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் அடுக்குமாடி வீட்டைக் குறிக்க ஒரு சொல் வருகிறது. ஒட்டுண்ணி. தனி வீட்டுப் பகுதியின் நல்ல சூழலைச் சுரண்டிக்கொள்ள வந்த ஒட்டுண்ணியாம். கட்டடத்தைத்தான் சொன்னார்கள், மனிதரைச் சொல்லவில்லை என்பார்கள். கட்டடத்துக்குள் யார் இருந்தார்கள்? தனி வீடு வாங்கப் பணமில்லாதவர்கள்.

இந்த இடத்தில் நமக்கு ஒன்று புரியும். நம்ம ஊரிலும் இன்று யாரும் சாதிப் பெயரைச் சொல்லி "உனக்கு வீடு இல்லை" என்று நேராகச் சொல்வதில்லை. "சைவம் மட்டும்தான்" என்பான். "ஓனர் வெளியூர்ல இருக்கார்" என்பான். சொல் மாறுது, கதவு அதே கதவுதான். அமெரிக்காவில் 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீட்டு வசதியில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. ஆனால் 1977இல் ஆர்லிங்டன் ஹைட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவு பாரபட்சமாக இருந்தால் மட்டும் அரசியல் சட்ட மீறல் ஆகாது, பாரபட்ச நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நோக்கத்தை எவன் கோப்பில் எழுதி வைப்பான்?

பொழுதுபோக்கு இடத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்புன்னு கேட்டா ஒரு கதை சொல்றேன். கதை இல்லை, பதிவான வரலாறு.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மன்ஹாட்டன் பீச் என்ற கடற்கரை ஊர். 1912இல் வில்லா புரூஸ் என்ற கருப்பினப் பெண்மணி அங்கே 1,225 டாலருக்கு ஒரு மனை வாங்கினார். அவரும் கணவர் சார்ல்ஸ் புரூசும் கருப்பர்கள் வந்து தங்கிக் குளித்துப் போக ஒரு விடுதி நடத்தினார்கள். அன்றைக்கு அந்தக் கடற்கரைகளில் கருப்பருக்கு வேறு இடம் அநேகமாகக் கிடையாது. கூட்டம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் நுழையக் கூடாது என்று பலகை வைத்தார். வந்தவர்கள் கடலில் கால் நனைக்க அரை மைல் சுற்றிப் போனார்கள். இங்கே 10 நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகைகள் வந்தன. பாருங்க, எத்தனை நிமிடம் நிற்கலாம்னு ஒரு விதி. அதில் எந்த நிறமும் எழுதப்படவில்லை.

அதற்கும் அவர்கள் அசையவில்லை. 1924இல் நகராட்சி கடைசி ஆயுதத்தை எடுத்தது. பொதுமக்களுக்குப் பூங்கா அமைக்க இந்த நிலம் தேவை என்று கையகப்படுத்தியது. 1927இல் கட்டடத்தை இடித்தார்கள். புரூஸ் குடும்பத்துக்குக் கிடைத்தது 14,500 டாலர். பூங்கா வந்ததா? அந்த நிலம் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. 2021இல் கலிபோர்னியா தனிச் சட்டம் போட்டு, 2022இல் நிலம் வாரிசுகளுக்குத் திரும்பியது. 2023இல் அவர்கள் அதைக் கவுண்டிக்கே ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு விற்றார்கள். வில்லாவும் சார்ல்சும் அதைப் பார்க்க இல்லை. விடுதி நடத்த நினைத்தவர்களுக்கு நூறு வருடம் கழித்துப் பணம் வந்தது. அந்தக் கடற்கரையில் அவர்கள் நட்டு வைத்த வாழ்க்கை வரவில்லை.

கருப்பரின் பொழுதுபோக்கு இடத்தை, பொதுமக்களின் பொழுதுபோக்கு என்ற பெயரால் எடுத்துக்கொண்டார்கள். நகராட்சிதான் செய்தது. தீர்மானம் போட்டு, முறைப்படி செய்தது. முறைப்படி நடந்தது என்பதால் மட்டும் ஒரு விஷயம் நியாயம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

இந்த இடத்தில் தோழர்கள் சிலர், அப்படியென்றால் உள்ளாட்சிக்கு இந்த அதிகாரமே வேண்டாம், நிலத்தில் அவரவர் விரும்பியதைச் செய்துகொள்ளட்டும் என்று நினைக்கலாம். அதுவும் சரியில்லை. ஏன்னு சொல்றேன்.

டெக்சாஸ் மாநிலத்தில் நகரங்களுக்கு வெளியே கவுண்டிகளுக்கு நிலத்தை வகைப்படுத்தும் பொது அதிகாரம் கிடையாது. வெள்ளப் பகுதி விதி மாதிரி சிலதுதான் உண்டு. அங்கே குவாடலூப் என்ற ஆறு. அதன் கரையோரம் முகாம்களும் கேரவன் பேட்டைகளும் வரிசையாக இருந்தன. ஆற்றைப் பார்த்துக்கொண்டு தங்குவதுதானே அழகு. 2025 ஜூலை 4 விடியற்காலையில் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. கெர் கவுண்டியில் மட்டும் 100 பேருக்கு மேல் செத்தார்கள். சிறுமிகள் தங்கியிருந்த முகாமும் போனது, கேரவன் பேட்டைகளும் போயின. வண்டிகள் ஆட்களோடு மிதந்து போயின. சக்கரத்தின் மேல் நிற்கிற வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லை, தண்ணீர் தூக்கினால் தூக்கினதுதான்.

வெறும் கவுண்டி விதியால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆற்றுக்கு இத்தனை அடி தள்ளித்தான் வண்டி நிற்கணும், எச்சரிக்கை மணி இருக்கணும், வெளியேற இரண்டு வழி வேணும் என்று கேட்கிற ஒரு மேசை வேணும். தீயணைப்பு வண்டி போக 20 அடி பாதை கேட்பது அநியாயம் இல்லை. கேரவன் கழிப்பறையில் ஊற்றுகிற ரசாயனம் கழிவுத் தொட்டியின் பாக்டீரியாவைக் கொல்லும், கழிவு சரியாக மட்காமல் நிலத்தடி நீருக்குப் போகும். அதைக் கேட்பதும் அநியாயம் இல்லை. கேட்காமல் விட்டால் முதலில் சாகிறவன் அந்தப் பேட்டையில் இருக்கிறவன். புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் வீடு போட்டு, ஒவ்வொரு மழைக்கும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிற நம்ம சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, நிபந்தனைகள் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாக எடுத்து இரண்டு கேள்வி கேட்கணும். இது யாருடைய உயிரைக் காக்குது? இது யாரை வெளியே நிறுத்துது? 20 அடி பாதை முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். "ஒருத்தர் 30 நாளுக்கு மேல் தங்கக் கூடாது" என்ற நிபந்தனை எந்த உயிரைக் காக்குது?

அந்த 30 நாளில் இன்னொரு சூட்சுமமும் இருக்கு. கலிபோர்னியா சட்டத்தில், கேரவன் பேட்டையில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் இருந்தால் நீ குத்தகைதாரர். 9 மாதம் இருந்துவிட்டால் குடியிருப்பாளர். உன்னை வெளியேற்றுவதற்கு ஒவ்வொரு படியிலும் கூடுதல் நடைமுறை வேணும். 30 நாளோடு வெளியேறு என்றால் அந்த முதல் படியிலேயே ஏறாதே என்று அர்த்தம். விருந்தாளியாகவே இரு. மனிதராக வா, உரிமையோடு வராதே.

இதை உடைத்தவர்களும் இருக்கிறார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தில் குளோஸ்டர் என்ற ஊர், எங்கள் எல்லைக்குள் டிரெய்லர் பேட்டையே கூடாது என்று விதி போட்டது. 1962இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஃபிரெடரிக் ஹால் என்ற நீதிபதி அதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஊரைச் சுற்றி வேலி போட்டு, வேண்டாதவர்களை வெளியே வைக்க இந்த அதிகாரம் தரப்படவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றைக்கு அவர் தோற்ற பக்கம்.

அதே மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கருப்பர்களின் ஸ்பிரிங்வில் பகுதி அங்கே உண்டு. கோழிக் கொட்டகை மாதிரியான வீடுகள். எதல் லாரன்ஸ் என்ற ஆசிரியையும் மற்றவர்களும் சேர்ந்து 36 சின்ன வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். ஊர் நிர்வாகம் மறுத்தது. 1970இல் ஊர்த் தலைவர் அவர்கள் தேவாலயத்துக்கே வந்து, வசதி இல்லையென்றால் நீங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்குப் போட்டார்கள். 1975இல் தீர்ப்பு வந்தது. ஓர் ஊராட்சி தன் எல்லைக்குள் இருக்கிறவர்களின் நலனை மட்டும் பார்த்து விதி போட முடியாது, சுற்று வட்டாரம் முழுதிலும் வீடு தேவைப்படுகிற ஏழைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதை எழுதியது யார் தெரியுமா? அதே ஹால். 13 வருடத்துக்கு முன் தோற்றவர். 1983இல் அந்தப் பழைய டிரெய்லர் தீர்ப்பையும் நீதிமன்றம் கைவிட்டது. எதல் லாரன்ஸ் 1994இல் இறந்தார். அவர் பெயரில் வீடுகள் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

அறையில் இல்லாதவனுக்கும் அறையில் இடம் உண்டு. அந்தத் தீர்ப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 300 அடி என்ற கயிற்றை அறுத்தது அதுதான்.

இன்னொரு வழக்கு. இது என் தொழிலுக்கு நெருக்கமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் டொபாங்கா என்ற மலைப்பகுதி. 28 ஏக்கரில் 93 நகரும் வீடுகளுக்கான பேட்டை போட ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. எதிர்த்தவர்கள் நம்ம ஆட்கள் மாதிரி இல்லை, மலையழகைக் காக்க வந்தவர்கள். ஆனால் தீர்ப்பு சொன்ன விதி எல்லாருக்கும் பொது. அதிகாரம் உள்ள அமைப்பு முடிவை மட்டும் சொன்னால் போதாது. என்ன சான்று பார்த்தாய், அதிலிருந்து எந்தக் காரணத்தால் இந்த முடிவுக்கு வந்தாய் என்று நடுவில் பாலம் போட்டு எழுத்தில் காட்ட வேண்டும். அனுமதித்தாலும் சரி, மறுத்தாலும் சரி.

நான் வங்கியில் கிளார்க். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்புகளையே பார்க்கிறவன். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் ஒன்று இருக்கு, நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் கொடுக்கிற கடன் மனுவைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்மட்ட அதிகாரிதான் நிராகரிக்கலாம், காரணத்தைத் தெளிவாக எழுதணும். டொபாங்கா சொன்ன பாலம் இதுதான். அதனால்தான் சில இடங்களில் மனுவையே கையில் வாங்க மாட்டார்கள். "அடுத்த மாசம் வாங்க", "இந்தத் திட்டம் முடிஞ்சு போச்சு" என்று வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். மனு இல்லையென்றால் நிராகரிப்பு இல்லை. நிராகரிப்பு இல்லையென்றால் காரணம் எழுத வேண்டியதில்லை. எழுதப்படாத காரணம்தான் சாதிக்குப் பாதுகாப்பான இடம்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிப் பேசியதை எல்லாரும் அறிவீர்கள். கிராமக் குடியரசு என்று மற்றவர்கள் உருகியபோது, குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் மண்டிய இடம் அது என்று சொன்னார். மக்களுக்கு அருகில் இருக்கிற அதிகாரம் என்றால் எந்த மக்களுக்கு அருகில் என்று அவர் கேட்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1993இல் 73ஆவது திருத்தம் அமலுக்கு வந்து நமக்குத் தனித்தொகுதி கிடைத்தது. நாற்காலியில் நம்ம ஆள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை 1997 ஜூன் 30 மேலவளவில் காட்டினார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996இலிருந்து 2006வரை தலைவர் பதவியை நிலைக்கவே விடவில்லை. அமெரிக்கக் கவுண்டி அறையில் கனிவாகச் சொல்லப்படுகிற "எங்கள் பகுதியின் தன்மை"க்கும் இதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. ரத்தத்தையும் கடிதத்தையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் இரண்டும் காக்கிற வரப்பு ஒரே ரகம்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயங்கள்தான். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம தெருவிலிருந்து ஆட்கள் போகணும், கூட்டமாகப் போகணும். குப்பைக் கிடங்கு எங்கே, மயானப் பாதை எங்கே, புது மனைப்பிரிவுக்கு வழி எங்கே என்று பேச்சு வந்தால், இது யாருடைய உயிரைக் காக்குது, யாரை வெளியே நிறுத்துது என்ற அந்த இரண்டு கேள்வியைக் கேட்கணும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லணும். எழுதின பிறகுதான் கையெழுத்து. எழுதாத தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வந்தால் போடக் கூடாது. எழுதியதற்கு நகல் கேட்கணும், தரவில்லையென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தில் மனுப் போடணும். படிச்ச பிள்ளைகள் ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள், என்ன எழுதினார்கள் என்று தேதி போட்டு எழுதி வரணும்.

இதனால் நாளைக்கே எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். மவுண்ட் லாரலில் அனுமதி கேட்டவர் வீட்டைப் பார்க்காமலே போனார். ஆனால் அவர் கேட்டது கோப்பில் இருந்தது, மறுத்தது கோப்பில் இருந்தது. அதை வைத்துத்தான் மற்றவர்கள் வென்றார்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் பேசலாம்.